சாவ்தானில் நிற்பவனுக்கு ஒரு விஷ்ராம்

புரட்டாசி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியின் நடைபாதை பொம்மைக்காரர்களுடையதாகிவிடும். வைக்கோலையும் பழைய செய்தித்தாளையும் பிரித்து அவர்கள் அடுக்கும் வரிசையில் தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ராணுவ செட்டையும் பார்க்கலாம். பச்சை உடுப்பு, கறுப்பு பூட்ஸ், மீசை, தோளோடு ஒட்டிய துப்பாக்கி. அத்தனை பேரும் ஒரே அச்சில் பிறந்தவர்கள். குதிகால் ஒட்டியிருக்கும், முழங்கால் விறைத்திருக்கும், பார்வை நேரே. பள்ளியில் ஒரு வருஷமாவது என்.சி.சி. உடுப்புப் போட்டு வெயிலில் நின்றவர்களுக்கு இந்த நிலையின் பெயர் தெரியும்: சாவ்தான். அதைத் தளர்த்தச் சொல்லும் கட்டளை விஷ்ராம்.

களிமண்ணுக்கும் காகிதக்கூழுக்கும் அது நியாயமான நிலைதான். கையை நீட்டி வைத்தால் விளாச்சேரியிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ லாரியில் வரும்போதே ஒடியும். காலை அகட்டி வைத்தால் கணுக்கால் தாங்காது. ஆகவே பொம்மை செய்பவர் சிப்பாயை ஒரு தூணாக நினைத்துச் செய்கிறார். தூண் சாயாது.

அங்கிருந்து தி.நகருக்குப் போனால், நடைபாதையில் விரித்த பிளாஸ்டிக் தாளின் மேல் வேறொரு சிப்பாய். பேட்டரி போட்டுத் தரையில் விட்டால் முழங்கையை ஊன்றித் தவழ்வான், சற்று நிற்பான், சிவப்பு விளக்கு மினுங்கத் தடதடவென்று சுடுவான், மறுபடி தவழ்வான். முகம் ஏதோ கிழங்குபோல் இருக்கும், ஒரு வாரத்தில் கை கழன்றுவிடும். ஆனாலும் கொலுப்படியில் நிற்கும் மீசைக்காரர்களிடம் இல்லாத ஓர் உண்மை இவனிடம் உண்டு. சண்டை நடக்கும் இடத்தில் எவனும் நிமிர்ந்து நிற்பதில்லை.

இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஒருவன் இருக்கிறான். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்குகிற பிளாஸ்டிக் வீரன். கடையில் ஆக்‌ஷன் ஃபிகர், வீட்டில் வெறும் ஜி.ஐ.ஜோ. அவனை வாங்கிய கையோடு அலமாரியில் நிறுத்திவிடாமல், பிரித்து, அறுத்து, மூட்டை மாற்றி, அக்குளில் அரை மில்லிமீட்டர் சுரண்டி, உண்மையான மனிதன் நிற்பதுபோல் நிற்கவைக்கப் பாடுபடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சென்னை அடுக்ககங்களிலும் இருக்கிறார்கள். நாற்பது வயது ஆசாமி ராத்திரி பதினோரு மணிக்குப் பொம்மையின் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் கேலி செய்யாமல் இருப்பார்களா? ஆனால் அந்தக் கேலி ஆள் மாறி விழுகிறது. அவர் செய்வது விளையாட்டைவிட சிற்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேலை. மனித உடம்பு தன் எடையை எப்படித் தாங்குகிறது என்று கண்ணால் கற்று விரலால் சோதிக்கிற வேலை. இந்த ஊருக்கு அது மிகவும் பழையது. பெயர்தான் புதுசு.

ஜோ அமெரிக்கன் என்றாலும் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இந்தியச் சிறுவர்கள் கைக்கு வந்த ஜோவுக்குச் சென்னை சம்பந்தம் உண்டு. 1946-இல் கே.எம்.மம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். அந்த பலூன்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயராக உருண்டது. டயரில் பெரிதான நிறுவனத்துக்குப் பழைய ஞாபகம் வந்ததுபோல், 1987-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு கைகோத்து ஃபன்ஸ்கூல் பிறந்தது. ஆலை கோவாவில், தலைமையகம் சென்னையில். அமெரிக்கக் கடைகளிலிருந்து எப்போதோ இறங்கிவிட்ட வீரர்கள் அந்த ஆலையில் மறுபிறவி எடுத்தார்கள், அதுவும் மூலத்தில் இல்லாத கண்ணைப் பறிக்கும் நிறங்களில். பதுங்கிப் போகவேண்டிய கமாண்டோவுக்கு அந்த உடுப்பு எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. இன்று அந்த விசித்திர நிறங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்திய ஜோக்களைத் தேடி வாங்குகிறார்கள்.

முதல் ஜோ 1964-இல் வந்தான். பன்னிரண்டு அங்குல உயரம். உண்மை மனிதனில் ஆறில் ஒரு பங்கு. அசையும் பாகங்கள் இருபத்தொன்று என்று பெருமையடித்தார்கள். பையன்கள் பொம்மை வாங்கமாட்டார்கள் என்ற பயத்தில், பொம்மை என்ற சொல்லையே விலக்கி ஆக்‌ஷன் ஃபிகர் என்ற பெயரைக் கண்டுபிடித்ததும் அப்போதுதான். கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். வலது கட்டைவிரலின் நகம் தவறுதலாக உள்பக்கம் அமைந்துவிட, அதையே போலிகளைக் கண்டுபிடிக்கும் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். இந்தக் கதைகளைவிட நம் விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. இந்தப் பொம்மையை உருவாக்கிய டான் லெவினுக்குப் பொறி தட்டியது ஓவியச் சாமான் கடை ஒன்றின் கண்ணாடிச் சன்னலில். ஓவிய மாணவர்கள் உடம்பின் நிலைகளை வரைந்து பழக, கைகால் மடங்கும் மர உருவம் ஒன்று வைத்திருப்பார்கள் அல்லவா? அதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். ஆக, ஜோவின் பாட்டன் ஓவியப் பள்ளியில் இருந்தவன். அவனை இன்று மறுபடி மேசை விளக்கின் அடியில் வைத்து ஆராய்கிறவர் அவனைப் பிறந்த வீட்டுக்கே கூட்டிப்போகிறார்.

1982-இல் ஜோ மூன்றேமுக்கால் அங்குலமாகச் சுருங்கினான். பதினெட்டில் ஒரு பங்கு. நம் ஊருக்கு வந்தவன் இவன்தான். இவனுடைய உள்கட்டு அழகானது. முதுகில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினால் நெஞ்சும் முதுகும் சிப்பிபோல் பிரியும். உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். கால்களைக் கோத்த கொக்கியை அதுதான் மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. வீரன் இடுப்பைத் திருப்புவதும் முன்னால் குனிவதும் அந்த வளையத்தின் தயவு. வருஷங்கள் போனால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், வீரன் இடுப்போடு இரண்டாகிவிடுவான். குழாய்ச் சாமான் கடையில் ஓ-ரிங் என்று கேட்டால் கிடைக்கிற வளையம்தான் அதற்கு வைத்தியம். சரியான அளவு கிடைக்காதபோது தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றி ஒப்பேற்றலாம். பொம்மையின் வயிற்றைத் திறந்து பார்க்கிற அந்த நாள் பலருக்கு முதல் பொறியியல் வகுப்பு.

முதல் வருஷத்து ஜோவுக்கு ஒரு குறை இருந்தது. தோளும் முழங்கையும் மடங்கும், மேற்கை சுழலாது. துப்பாக்கியை ஒரு கையால் தூக்கிக் காட்டத்தான் அவனால் முடியும். 1983-இல் முழங்கைக்கு மேலே ஒரு சுழல் வெட்டு வைத்தார்கள். இரண்டாவது கை அப்புறம்தான் துப்பாக்கிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு வெட்டு கூடியதும் கொடிபிடிக்கிறவன்போல் இருந்தவன் குறிபார்க்கிறவன் ஆனான்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மூட்டு கூடக்கூட உண்மையும் கூடும் என்று நினைத்துவிடுகிறோம். இப்போது ஹாங்காங்கிலிருந்து வரும் பன்னிரண்டு அங்குல உருவங்களுக்கு முப்பதுக்கு மேல் மூட்டுகள். முழங்கால் இரட்டை மடிப்பு மடங்கும், பாதம் பக்கவாட்டில் சாயும். அதை வாங்கி ஆசையாக நிறுத்திப் பார்த்தால் கயிறு அறுந்த பொம்மலாட்டப் பதுமைபோல் நிற்பான். ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் மடங்கியிருக்கும், ஆனால் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாது. அவன் தரையில் நிற்கவில்லை, தரையைத் தொட்டுக்கொண்டு தொங்குகிறான்.

எடையைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். தொண்டைக்குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், ஒற்றைக்காலில் எடை போட்டு நிற்பவனுக்கு அது அந்தக் காலின் பாதத்தில் வந்து விழவேண்டும். இரு காலிலும் சமமாக நிற்பவனுக்கு இரண்டுக்கும் நடுவில். எடை தாங்குகிற பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிஷம் காத்திருப்பவர் எவரைப் பார்த்தாலும் இது தெரியும். சிற்ப நூல்களும் இதையே வேறு சொல்லால் சொல்கின்றன. உடம்பின் நடுவே இறங்கும் பிரம்மசூத்திரம் என்ற நேர்க்கோட்டிலிருந்து தலை, மார்பு, இடுப்பு எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்துத்தான் சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என்ற பெயர்கள். கொலு சிப்பாய் சமபங்கம். பஸ்ஸுக்கு நிற்பவர் ஆபங்கம்.

இனி குறிபார்க்கும் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். நிஜத்தில் அவன் ஒரு காலை முன்வைத்து, இரு முழங்காலையும் லேசாகத் தளர்த்தி, மூக்கு முன்கால் கட்டைவிரலை நோக்கிப் போகும்படி முன்னால் சாய்கிறான். துப்பாக்கியின் கட்டை தோள்குழியில் பதிகிறது. கன்னம் கட்டையின் மேல் படிகிறது. முழங்கை விலாவை நோக்கி இறங்குகிறது. பொம்மையால் இது எதுவும் முடியாது. நெஞ்சு பிளாஸ்டிக் இடிப்பதால் கை மார்பின் குறுக்கே வராது. காலர் தடுப்பதால் தலை சாயாது. காலை அகட்டினால் உள்ளங்கால் முழுதாகப் படியாமல் விளிம்பில் நிற்கும். ஆகவே கட்டை தோளுக்கு வெளியே காற்றில் மிதக்க, வீரன் எங்கோ பார்த்துக்கொண்டு எதையோ சுடுவான். சினிமாவில் கதாநாயகர்கள் சுடுவதுபோல.

திருத்துகிறவர் முதலில் அக்குளைத் தொடுகிறார். நெஞ்சின் பக்கத்தைப் பிளேடால் சாய்வாகச் சீவி, கை உள்ளே வர ஒரு பள்ளம் பண்ணுகிறார். காலரின் உள்விளிம்பைத் தேய்க்கிறார். கழுத்து முளையில் எம்-சீல் கொஞ்சம் உருட்டி வைத்து ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் தலை கன்னத்தைச் சாய்க்க இடம் கிடைக்கும். கணுக்கால் மூட்டே இல்லாத சின்ன ஜோவுக்குப் பாதத்தை அறுத்து, நடுவில் கம்பி கொடுத்து, சரியான கோணத்தில் மறுபடி உட்காரவைக்கவேண்டும். துப்பாக்கியைப் பிடிக்கும் விரல்கள் பெரும்பாலும் மென்மையான பிளாஸ்டிக். வெந்நீரில் கொஞ்சநேரம் முக்கி, வேண்டிய வளைவுக்குக் கொண்டுவந்து, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்படியே நிற்கும். அவசரப்பட்டு வளைத்தால் கட்டைவிரல் போய்விடும். பழைய ஜோக்களில் முதலில் ஒடிவது அதுதான்.

தளர்ந்த மூட்டை இறுக்க நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் போதும். ஃபெவிக்விக் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் அது காயும்வரை மூட்டை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். போன் வந்து எழுந்துபோனால் வீரனுக்கு ஆயுள் முழுக்கக் கைவாதம். உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பது நல்லது, பிளாஸ்டிக் தூள் மூக்கில் ஏறாது. பெரிய உருவங்களின் துணி உடுப்பு இன்னொரு தலைவலி. ஆறில் ஒரு பங்கு உடம்பில் நிஜத் துணியின் கனம் கம்பளம்போல் விறைத்து நிற்கும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நனைத்து, முழங்கையிலும் முழங்காலின் பின்புறமும் மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கிக் காயவிடவேண்டும். முதுகுப் பைக்குள் கொஞ்சம் மணல் போட்டால் பட்டை தோளில் அழுந்தும். பஞ்சு அடைத்த பையைச் சுமப்பவன் எவ்வளவு குனிந்தாலும் நடிக்கிறான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

துணி மடிப்பு என்றதும் மாடவீதிக்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். திருவல்லிக்கேணியிலும் ஸ்ரீரங்கத்திலும் நின்ற திருக்கோலத்து உற்சவர் நாச்சியார் திருக்கோலத்தன்று அமர்ந்த கோலத்தில் எழுந்தருள்கிறார். அசையாத செப்புத் திருமேனிதான். பட்டும் மாலையும் ஆபரணமும் அதற்கு ஒரு புது உடல்நிலையைக் கொடுத்துவிடுகின்றன. மடிசாரின் கொசுவம் எந்த இடத்தில் திரும்பவேண்டும், மடி எவ்வளவு உயரம் தெரியவேண்டும் என்பதெல்லாம் தலைமுறையாகக் கைமாறி வரும் கணக்கு. சாமியைப் பொம்மையோடு வைத்துப் பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். பேச்சு கைகளைப் பற்றியது. பக்தியில் அந்தக் கை உயர்ந்த இடத்தில் இருக்கிறது, கண்ணின் பயிற்சி ஒன்றுதான்.

இந்த ஊரில் அந்தப் பயிற்சிக்குச் செலவும் இல்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் சேர்ந்து பாறையை நெம்புகிறார்கள். நால்வரின் நிலையும் வேறு. ஒருவருடைய எடை பின்னங்காலில், இன்னொருவருடையது தோளில். பாறையை மறைத்துவிட்டு ஆட்களை மட்டும் பார்த்தாலும் அது எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம். பொம்மைக்காரர் செல்போனில் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டு போகவேண்டிய இடம் அது.

தீவுத்திடல் அருகே குதிரையில் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறொரு பாடம். பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்து 1839-இல் நிறுவிய சிலை. சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி அங்கவடியை மறந்துவிட்டு அந்த அவமானத்தில் உயிரை விட்டார் என்று சென்னையில் ஒரு கதை தலைமுறையாக உலவுகிறது. அது பொய். லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் சாண்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜுக்கும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. மறதி இரண்டு முறை ஒரே மாதிரி வராது. அங்கவடி இல்லாததால் மன்றோவின் கால்கள் தம் எடையிலேயே தொங்குகின்றன. குதிரைமேல் பொம்மையை உட்காரவைத்து, அது ஏன் மரக்கட்டைபோல் இருக்கிறது என்று தலையைச் சொறிகிறவர்கள் அந்தத் தொடையையும் பாதத்தையும் பார்த்தால் விடை கிடைக்கும்.

அடையாற்றிலிருந்து திருவான்மியூர் பக்கம் போனால் கலாக்ஷேத்ரா. அங்கே முதல் நாளே சொல்லித்தருவது அரைமண்டி. இடுப்பு இறங்கி, தொடை வெளியே திரும்பி, முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்கவேண்டும். பழைய ஜோவை அரைமண்டியில் நிறுத்தப் பார்த்தவர்களுக்கு அவன் இடுப்பு மூட்டின் வறுமை ஒரு நொடியில் புரியும். தொடையைத் தனியே சுழற்ற வழி வைத்த பிற்காலத்து உருவங்கள்தான் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிச் சுடும் நிலைக்கு ஒழுங்காக வருகின்றன. பரதநாட்டிய ஆசிரியை ஒருவரிடம் கமாண்டோவைக் காட்டி எங்கே தப்பு என்று கேட்டால், ராணுவ நிபுணரைவிடச் சீக்கிரமாகச் சொல்லிவிடுவார்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. எலியட்ஸ் கடற்கரை மணலைப் பாலைவனம் என்று நம்பி விடியற்காலையில் வீரர்களோடு போகலாம், வெளிச்சம் அருமையாக விழும். ஆனால் அரை மில்லிமீட்டர் மணல் பதினெட்டில் ஒரு பங்கு வீரனுக்கு ஒன்பது மில்லிமீட்டர் கூழாங்கல். அவன் நிற்பது பாலைவனம் இல்லை, ஜல்லி கொட்டிய இடம். வீட்டுக்குப் போய் மைதாச் சல்லடையில் சலித்த செம்மண்ணே மேல்.

இதெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தாய் கேட்கக்கூடிய கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். துப்பாக்கி பிடிப்பதை இவ்வளவு தத்ரூபமாகச் செய்யவேண்டுமா? போரை அழகாக்கிக் குழந்தைக்குக் காட்டுவதுதானே இது?

பயம் நியாயமானது. ஆனால் போரை அழகாக்குவது தத்ரூபம் அல்ல, அதன் எதிரிதான். நெஞ்சு நிமிர்ந்து, ஒரு கையில் துப்பாக்கி தூக்கி, பெட்டியின் மேல் சிரிக்கிற வீரன்தான் பொய் சொல்கிறான். நெடுநேரம் நடந்தவனின் தோள் எப்படி விழும், தூக்கமில்லாதவன் சுவரில் எப்படிச் சாய்வான், அடிபட்ட நண்பனை இழுப்பவனின் முதுகு எப்படி வளையும் என்று தேடுகிறவர் வேறொரு போரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பிரிட்டனின் டொரதி என்ற கலைக்குழு பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்களின் பாணியிலேயே சக்கர நாற்காலியிலும் கையேந்தியும் இருக்கும் முன்னாள் வீரர்களைச் செய்து காட்டியது. பொம்மை மொழியில் அதைவிடக் கூர்மையாகப் போரைப் பற்றிப் பேசமுடியாது. நம்மிடமும் அந்த மரபு உண்டு. வடார்க்காடு, தருமபுரிப் பக்கத்து நடுகல் வீரர்கள் காலை அகட்டி வில்லேந்தி நிற்கிறார்கள்தான், ஆனால் பலருடைய உடம்பில் எதிரியின் அம்பும் தைத்திருக்கிறது. செதுக்கியவர் அதை மறைக்கவில்லை. அவன் செத்ததால்தானே கல்!

சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு காட்சி இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது தெருவுக்குள் படகு வந்தது. ராணுவத்தினரும் பேரிடர் மீட்புப் படையினரும் தண்ணீரில் இறங்கி முதியவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கை படகின் விளிம்பில், இன்னொரு கை பாட்டியின் முதுகுக்குப் பின்னால், முகம் திரும்பி ஏதோ தைரியம் சொல்கிறது. அந்த வருஷம் சென்னை கண்ட சிப்பாய் அவன். எந்தக் கடையிலும் அவன் கிடைக்கமாட்டான். செய்தால்தான் உண்டு. அதற்குத் தோளில் ஒரு வெட்டு, இடுப்பில் ஒரு சாய்வு, கொஞ்சம் எம்-சீல் தேவைப்படும். தண்ணீருக்குள் நடப்பவனின் தொடை எவ்வளவு தூரம் முன்னே வரும் என்ற கவனிப்பும் வேண்டும். அந்த நிலையைச் சரியாகக் கொண்டுவர ஒரு பதினைந்து வயதுப் பையன் நான்கு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தால் வன்முறை கற்றுவிட்டான் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பையன் என்று எழுதியதே பழக்கதோஷம். பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் 1992 முதல் பெண்களும் அதிகாரிப் பயிற்சி பெறுகிறார்கள். அதாவது சென்னையிலிருந்து பெண் ராணுவ அதிகாரிகள் புறப்படத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாடவீதி ராணுவ செட்டில் இன்னும் மீசைகள்தான். அமெரிக்காவில் 2019-இல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பச்சைச் சிப்பாய்களில் பெண்கள் ஏன் இல்லை என்று பொம்மை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினாள். பி.எம்.சி. டாய்ஸ் என்ற சிறிய நிறுவனம் அதைக் கேட்டுப் பெண் சிப்பாய்களை வார்த்தது. இங்கே கடிதம்கூட வேண்டாம். ஆண் உடம்பில் பெண் தலையை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற சோம்பேறித்தனம் மட்டும் கூடாது. இடுப்பும் தோளும் எடையைப் பகிரும் விதம் வேறு.

செலவைப் பற்றியும் பேசவேண்டும். இறக்குமதிப் பொம்மைகளுக்கு இருந்த 20 சதவீதச் சுங்கவரி 2020-இல் 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். பாதுகாப்பில்லாத மலிவுச் சரக்கைத் தடுக்கவும் உள்ளூர்த் தொழிலை வளர்க்கவும் வந்த விதிகள் இவை, குறைசொல்ல அதிகமில்லை. ஆனால் முப்பது மூட்டு உருவம் மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இதை வருத்தமாக மட்டும் பார்க்கவேண்டியதில்லை. அலமாரியில் இடுப்பு கழன்று கிடக்கும் பழைய வீரனையும் நடைபாதையில் கிடைக்கும் தவழும் சிப்பாயையும் வைத்துக் கற்றுக்கொள்ள இதுவே நல்ல காலம். விலை உயர்ந்ததை அறுக்கக் கை நடுங்கும். மலிவானதை அறுத்தால் தைரியம் வரும்.

குழந்தையின் பொம்மை உடைந்தால் புதுசு வாங்கித் தருவது அன்பு என்று நினைக்கிறோம். ஒரு தடவையாவது சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவிடலாம். பிளேடும் ஃபெவிக்விக்கும் பெரியவர் கையில் இருக்கட்டும். பள்ளியின் கைவேலை வகுப்பில் ஐஸ்குச்சியால் வீடு கட்டியது போதும். ஒரு மடங்கும் உருவத்தை மேசையில் வைத்து, மூட்டை தூக்குபவராக, மாடிப்படி ஏறுபவராக நிறுத்து என்று சொன்னால் பிள்ளைகள் சாலையில் போகும் சுமைதூக்கியையும் பூக்கூடைக்காரம்மாவையும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கொலுவுக்கும் இது புதிதல்ல. மரப்பாச்சிக்கு வருஷாவருஷம் புதுத் துணி கட்டி, மீசை வரைந்து, மாலை போடுவது பொம்மையைத் திருத்துவது இல்லாமல் வேறென்ன? படிகளின் அடியில் மணல் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு, பிள்ளைகள் போடும் பார்க்கில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஏற்கெனவே காவல் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அண்ணா சாலையில் கொலு கண்காட்சி நடத்தும் பூம்புகார், அந்தப் பார்க்குக்கு ஒரு சின்னப் போட்டி வைக்கலாம். பரிசு அணிவகுப்புக்கு இல்லை. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவனுக்கு, கடிதம் படிப்பவனுக்கு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து டீ குடிப்பவனுக்கு. டீ குடிப்பதுதான் கடினம். முழங்கை உள்ளே வரவேண்டும், கழுத்து இறங்கவேண்டும், எடை உட்கார்ந்த இடத்தில் தெரியவேண்டும்.

போட்டிக்குத் தயாராகிறவர்கள் முதலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போகட்டும். வடக்குப் பனையூரிலிருந்து வந்த சோழர்காலத்து ராமர் அங்கே சீதை, லட்சுமணர், அனுமாரோடு நிற்கிறார். இடக்கை உயர்ந்து வளைந்து வில்லைப் பிடித்திருக்கிறது, வலக்கை விரல்கள் அம்பை ஏந்தியிருக்கின்றன. வில்லும் இல்லை, அம்பும் இல்லை. தனியே செய்து பொருத்தியவை எப்போதோ போய்விட்டன. ஆனாலும் அந்த விரல்களின் இடைவெளியைப் பார்த்து வில்லின் கனத்தைச் சொல்லிவிடலாம், தண்டு எவ்வளவு பருமன் என்றுகூட. பக்கத்தில் அனுமார் குனிந்து வாயைக் கையால் மறைத்து நிற்கிறார், அவர் முழங்காலைத் தனியாகப் பார்க்கவேண்டும். நிதானமாகச் சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை விடுமுறை.